லோரி வேதக்காரர்

சன்னாசி ஆர்தர் ஆன கதையை அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கதைக்குச் சொந்தக்காரரே சிரிப்பார். ஆனால் அவர் அப்படிச் சிரிக்கிற நிலைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷமும் மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தோட்டம் மலாயாவில் கோலா சிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் நடுவில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம்தான். சன்னாசி அங்கேயே பிறந்து, பத்து வயதில் புல் பிடுங்கப் போய், பதினாறு வயதில் உளி பிடித்தவர். பால்மரம் வெட்டுவதில் அவர் கை அவ்வளவு சுத்தம். பட்டையில் ஒரு காயம் பார்க்க முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். அதைவிட நீளம் அவருடைய கோபம். ஒருவர் மேல் மனஸ்தாபம் வந்துவிட்டால் அதைத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார். நல்லம்மாளைக் கட்டி இருபது வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளை ஈஜோக்கில் கட்டிக் கொடுத்தாயிற்று. குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மரத்தடியில் இருந்த முனியாண்டிக்கு வருஷா வருஷம் சேவல் அறுத்துப் பொங்கல் வைத்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருந்தார்.

அவசரக் காலம் வந்து மூன்றாம் வருஷம், லயங்களைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி எழும்பியது. காட்டில் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கையைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. காலையில் கேட்டில் வரிசையாக நிறுத்தி, வாளியைப் பார்த்து, மடியைத் தடவித்தான் வெளியே விடுவார்கள். தேத்தண்ணி போத்தலுக்கு மட்டும் அனுமதி, அதிலும் சீனி இருக்கக் கூடாது.

விடிகாலையில் போய் மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு முந்நூறு மரம் வெட்டிப் பால் எடுப்பதென்றால் சும்மாவா? சன்னாசி பசி தாங்காத ஆள். ஒரு நாள் கையளவு சோற்றை உருட்டி இலையில் சுற்றி, பால் வாளியின் அடியில் வைத்து, மேலே கந்தல் துணியைத் திணித்துக்கொண்டு வரிசையில் நின்றார். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற, வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோர் காளியண்ணன் கவனித்துவிட்டார். கவனித்தவர் சும்மா இருந்திருக்கலாம். “அந்த வாளிய நல்லாப் பாக்கச் சொல்லுங்க” என்று வாயைத் திறந்துவிட்டார்.

ஒரு உருண்டைச் சோற்றுக்காக சன்னாசியை இருபத்திரண்டு நாள் உள்ளே வைத்து விசாரித்தார்கள். யாருக்குக் கொண்டு போனாய் என்று தினமும் ஒரே கேள்வி. என் வயிற்றுக்குத்தான் ஐயா என்று தினமும் ஒரே பதில். கடைசியில் அவர்களுக்கே சலித்துப்போய் அனுப்பிவிட்டார்கள். உடம்பு இளைத்துத் திரும்பி வந்தவர், காளியண்ணன் மேலிருந்த வெறுப்பை மட்டும் நன்றாகக் கொழுக்க வைத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் மண்டோர் பேரை யாராவது எடுத்தால், எச்சிலைத் துப்பிவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

நான்கு மாசம் கழித்து நடந்ததுதான் லோரிச் சமாச்சாரம். லீவு நாளில் தோட்டத்து லோரி ஆட்களை ஏற்றிக்கொண்டு கோலா சிலாங்கூர்க் கடைகளுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. செம்மண் ரோட்டு வளைவில், இரண்டு பக்கத்துப் புதரிலிருந்தும் சடசடவென்று வெடி. எல்லாரும் மூட்டைகளுக்கு நடுவே குப்புற விழுந்தார்கள். சன்னாசியின் வாயில் முதலில் வந்தது “முனியாண்டி!” இரண்டாவது வெடிக்கும் அவரேதான் வந்தார். அப்போதுதான் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த ஹியூபர்ட் அங்கே குப்புறக் கிடந்தார். காயத்துக்கு மருந்து போடுவது அவருடைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்காரக் குடும்பங்களுக்கு உபதேசியார். மனுஷன் கத்தவில்லை. பக்கத்து வீட்டாரிடம் பேசுகிற மாதிரி, “ஆண்டவரே, இவங்க எல்லாரையும் பத்திரமா வீடு கொண்டு சேரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பேசுவதற்கு ஒருவர் எதிரில் இருப்பது போல் இருந்தது. சன்னாசிக்கு எங்கிருந்து வந்ததோ, “இயேசுவே, என்னையும் சேத்துக்குங்க!” என்று லோரிப் பலகை அதிரக் கத்திவிட்டார்.

டிரைவர் கெட்டிக்காரர். நிறுத்தாமல் மிதித்துக்கொண்டு வந்து தோட்டத்தில் சேர்த்துவிட்டார். ஒரு வெங்காய மூட்டையைத் தவிர யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மறுநாளே சன்னாசி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். “கூப்பிட்டேன், வந்தாரு. இனிமே நான் வேற வீட்டுக் கதவத் தட்டுனா அது மரியாதை இல்லீங்க” என்றார். ஹியூபர்ட் அவசரப்படவில்லை. ஆறு மாசம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஐம்பத்திரண்டாம் வருஷ ஈஸ்டருக்குக் கிள்ளானிலிருந்து வந்த போதகர் ஞானஸ்நானம் கொடுத்தார். ஹியூபர்ட் சொன்ன பேர்களில் எது சின்னதோ அதைச் சன்னாசி எடுத்துக்கொண்டார். லயத்து வாயில் ஆர்தர், ‘ஆத்தரு’ ஆகி, இரண்டே வாரத்தில் ‘லோரி வேதக்காரர்’ என்று நிலைத்துவிட்டது.

நல்லம்மாளுக்கு இந்தப் பேர் மாற்றத்தால் ஒரு சிரமமும் இல்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். கணக்கெழுதுகிற கிராணி பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்லுவாள். பழைய பேரையே ஒரு நாளும் வாயால் சொல்லாதவளுக்குப் புதுப் பேரைச் சொல்லாமல் இருப்பதா பெரிய காரியம்? ஆனால் நீயும் வா என்று ஆர்தர் கூப்பிட்டபோது மட்டும் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

“வர்றேங்க. நான் என்ன வேணான்னா சொல்றேன்? ஆனா இது உங்களுக்கு பயத்துல வந்ததா, நெசமாவே வந்ததான்னு முதல்ல நிச்சயமாத் தெரியட்டும். நாளைக்கு நீங்க திரும்பிட்டா, நான் மட்டும் அங்க போயி உக்காந்திருக்கணுமா?”

அவள் சோற்றை வடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள். அது போய் ஆர்தரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. தோட்டமே ‘லோரி வேதக்காரர்’ என்று கேலி செய்தபோது கூடச் சேர்ந்து சிரித்தவர், அன்று சரியாகச் சாப்பிடவில்லை. உண்மைதானே? வெடிச் சத்தம் கேட்காமல் இருந்திருந்தால் இயேசுவை அவர் கூப்பிட்டிருப்பாரா?

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் இரும்பு வாளி கை நழுவிக் கால் விரலில் விழுந்தது. “ஐயோ முனியாண்டி!” என்று அலறினார். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆர்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: யோசித்துப் பேசுகிற நாக்கு எதை வேண்டுமானாலும் சொல்லும், திடுக்கிட்ட நாக்கில் எந்தப் பேர் வருகிறதோ அந்தச் சாமிதான் மனசுக்குள்ளே இருக்கிறது. இயேசு பேர் தானாக வருகிற வரைக்கும் தான் ஒரு போலி. போலி, ஆண்டவருடைய பந்தியில் உட்காரக் கூடாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில். பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சிகளில் முழங்கால் முகவாயில் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாசத்துக்கு ஒரு தடவை போதகர் வந்து திருவிருந்து கொடுக்கும்போது மற்றவர்கள் எழுந்து முன்னால் போவார்கள். ஆர்தர் கடைசிப் பெஞ்சியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அப்பமும் திராட்சரசமும் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும்போது அவருக்கு அழுகை வரும். பசியோடு வேலிக்கு வெளியே நின்ற காலமே பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வார்.

சும்மா இருக்கிற ஆளா அவர்? நாக்கைப் பழக்கிவிடலாம் என்று முயற்சி செய்தார். காலையில் ஒவ்வொரு மரத்தையும் வெட்டி முடித்ததும் ஒரு தடவை “இயேசுவே” என்பார். முந்நூறு மரத்துக்கு முந்நூறு தடவை. பிறகு நல்லம்மாளிடம், “நான் எதிர்பாக்காத நேரமாப் பாத்து என்னைத் திடுக்குன்னு பண்ணு” என்று ஏற்பாடு செய்தார். அவளுக்கு இந்த வேலை மிகவும் பிடித்துப்போயிற்று. முகம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் தகரத் தட்டைப் போடுவாள். வெற்றிலை போடும்போது காதில் வந்து கத்துவாள். ஒவ்வொரு தடவையும் முடிவு ஒன்றுதான்.

“இன்னிக்கும் அவருதான்” என்பாள் நல்லம்மாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

பாசிர் பெனம்பாங்கில் கருவாடு வாங்க ஒரு நாள் இருவரும் படகில் ஆற்றைக் கடந்தார்கள். நடு ஆற்றில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “அம்மா!” என்று கத்தினார் ஆர்தர். இறந்துபோன தாயார் மூன்றாவதாக இந்தப் போட்டியில் சேர்ந்துகொண்டதும் அவருக்குத் தலையே சுற்றிவிட்டது. அன்று வாங்கிய கருவாடு எப்படி இருந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது.

பொறுக்க மாட்டாமல் ஹியூபர்ட்டிடமே போய்க் கேட்டார். ஆஸ்பத்திரியில் அவர் துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். ஆர்தர் சொன்ன எல்லாவற்றையும் சிரிக்காமல் கேட்டார்.

“பயத்துல வர்ற வார்த்தை வெறும் பழக்கம்யா. நாப்பது வருசம் சொன்ன பேரு நாலு மாசத்துல போயிருமா?”

“அப்ப அன்னிக்கு லோரியில நான் இயேசுவேன்னு கத்துனது? அதுவும் நீங்க சொன்னதக் கேட்டு வந்ததுதானா? அதுவும் வெறும் வாய்தானா, உபதேசியாரே?”

 தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற பழக்கம் ஹியூபர்ட்டுக்குக் கிடையாது. “அது எனக்குத் தெரியலப்பா” என்றார். கொஞ்ச நேரம் துணிகளைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, “காளியண்ணன் கூடப் பேசுறியா?” என்று கேட்டார்.

“அந்த ஆளுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லன்னா இருக்கட்டும். நீ அவர்கூடப் பேச வேணாம். தினம் ஒரு தடவ அவர் பேரச் சொல்லி ஜெபம் பண்ணு. அது போதும்.”

இதைவிட ஒரு சேர் விளக்கெண்ணெயைக் குடிக்கச் சொல்லியிருந்தால் ஆர்தர் சந்தோஷமாகக் குடித்திருப்பார். ஆனாலும் உபதேசியார் வார்த்தையைத் தட்ட முடியவில்லை. அவருடைய நிரையில் கடைசி மரம் ஒரு கோணல் மரம். அதற்குப் பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள். அங்கே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினார்: “ஆண்டவரே, காளியண்ணனுக்கும் நல்லது செய்யும். ரொம்ப வேணாம், கொஞ்சமா.”

ஒரு மாசம் வரைக்கும் இந்தக் கொஞ்சம்தான். அப்புறம் ஒரு நாள் காளியண்ணன் பெண்சாதி காய்ச்சலில் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டார். கோணல் மரத்தடியில், “அந்தம்மா என்ன பண்ணுச்சு, அதச் சொகமாக்கும்” என்றார். அந்தம்மாவுக்குச் சுகமானதும் ‘ரொம்ப வேணாம்’ என்பது தானாக விட்டுப்போயிற்று. மழைக்காலத்தில் மண்டோருக்கு இருமல் வந்தபோது, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் நின்று அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தவர், மரத்தடிக்குப் போனதும் முதல் காரியமாக அதைச் சொன்னார். இத்தனைக்கும் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரே வந்தால் ஆர்தர் இன்னும் வேறு பக்கம்தான் பார்ப்பார். எச்சில் துப்புவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. அவர் கவலையெல்லாம் நாக்கைப் பற்றியே இருந்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் இருக்கும். அன்று காலைப் பெரட்டு முடிந்து, தூரத்துக் காட்டில் பால் வெட்டுகிறவர்களை லோரி ஏற்றிக்கொண்டு போயிற்று. முன்னால் டிரைவர் இருக்கைக்குப் பின்னே கூரையைப் பிடித்தபடி காளியண்ணன் நின்றுகொண்டு வந்தார். மண்டோர்கள் உட்கார மாட்டார்கள். அவர் காலடியில் ஆர்தர் வாளியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அதே செம்மண் ரோடு, அதே வளைவுக்குக் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் வெடி.

லோரி உலுக்கி நின்றது. எல்லாரும் பலகையோடு ஒட்டிக்கொண்டார்கள். காளியண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். பயத்தில் சிலருக்குக் கால் ஓடும், சிலருக்குக் கால் மரத்துவிடும். அவருக்கு மரத்துவிட்டது. கூரையைப் பிடித்த கையை எடுக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

“காளியண்ணே!”

அலறியது யாரென்று ஆர்தருக்கே புரியவில்லை. மண்டோரின் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மேலே விழுந்து மூடிக்கொண்டார். முதுகில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தது போல் எரிந்தது. பின்னால் வந்த காவல் வண்டியிலிருந்தவர்கள் திருப்பிச் சுட்டார்கள். நாலைந்து நிமிஷத்தில் காடு பழையபடி அமைதியாகிவிட்டது.

லோரி திரும்பி வரும்போது செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. கேட்டுக்கு உள்ளே பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேட்டுக்கு வெளியே யாரையும் விடவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பியது.

“ஆர்தரு! ஆர்தரு!”

நல்லம்மாள்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தோட்டமே கேட்க, புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சட்டையெல்லாம் ரத்தமாக லோரியிலிருந்து இறக்கப்பட்ட ஆர்தர் அவளைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் வார்த்தை, “காளியண்ணனுக்கு ஒண்ணும் ஆகலியே?”

குண்டு தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மேசையில் அவரைக் குப்புறப் படுக்க வைத்து ஹியூபர்ட் தையல் போட்டார். ஆர்தர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வலிக்கிறதா என்று கேட்டார் ஹியூபர்ட்.

“வலி இல்லீங்க. தோத்துட்டேன். இவ்வளவு பெரிய பயம் வந்துச்சு, அப்பக்கூட அவர் பேரு வரல. முனியாண்டியும் வரல, ஆண்டவரும் வரல. அந்தக் காளியண்ணன் பேருதான் வந்துச்சு. எனக்குச் சாமியே இல்ல போலருக்கு, உபதேசியாரே.”

ஹியூபர்ட்டின் கை ஊசியோடு அப்படியே நின்றது. என்னவோ சொல்ல வந்தவர், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, “ஆடாமப் படு, இன்னும் மூணு தையல் இருக்கு” என்றார். அவர் ஏன் அன்றே சொல்லவில்லை என்று பிற்பாடு ஆர்தர் கேட்டிருக்கிறார். நான் சொன்னால் அதையும் நீங்கள் சொல்லித்தான் நம்பினேன் என்பாய், அதனால்தான் என்றாராம். சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் காளியண்ணன் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சன்னாசி, ஒண்ணு கேக்கணும். எதுக்கு எம்பேரக் கூப்புட்ட?”

ஆர்தருக்கு மழுப்பத் தெரியவில்லை. “அது ஒண்ணுமில்லண்ணே, வெறும் பழக்கந்தான். நாலு மாசமாத் தினம் உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்றேன். உபதேசியாரு சொன்னாரு. அதான் வாய்ல வந்துருச்சு.”

காளியண்ணன் அவரையே பார்த்தார். “எனக்கா?”

“மொதல்ல கொஞ்சமாத்தான் கேட்டேன். அப்புறம்... அந்த இருமல் இப்பத் தேவலயா?”

மண்டோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. “அன்னிக்கு ஒன் வாளியக் காட்டிக் குடுத்தேனே. அந்த வாரம் எந்தம்பி மவன விசாரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எம்மேலயும் சந்தேகம் வந்துரும்னு பயம். நான் நல்லவன்னு காட்டிக்க ஒன் சோத்த எடுத்துக் குடுத்துட்டேன். அதச் சொல்லிரணும்னு தினம் நெனப்பேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவ, நானும் அப்படியே விட்டுருவேன்.”

“விடுங்கண்ணே. வெறும் வாய்ப் பழக்கத்துக்கு நீங்க இவ்வளவு...”

“என்ன லா பழக்கம் பழக்கம்னுக்கிட்டு?” காளியண்ணனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “வாய்க்குப் பழக்கம், சரி. முதுகுக்கு எப்படிப் பழக்கம் வரும்? எனக்கு வர வேண்டிய குண்ட ஒன் முதுகுல வாங்கியிருக்க. எனக்கு ஒன் சாமியப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா சன்னாசிய எனக்குத் தெரியும், சின்ன வயசுலேருந்து. அந்தச் சன்னாசியா இருந்தா, நின்னா நிக்கட்டும்னு விட்டுட்டு அவன் குப்புறப் படுத்திருப்பான். இது அவன் இல்ல. உள்ள வேற யாரோ இருக்காங்க.”

 ஆர்தருக்கு முதல் லோரியின் ஞாபகம் வந்தது. அன்று ஹியூபர்ட் தன்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. ‘இவங்க எல்லாரையும்’ என்றார். தான்தான் ‘என்னையும்’ என்று கத்தினது. நேற்று அந்த ‘என்னை’ எங்கே போயிற்று? தன் உயிர் ஞாபகமே வராமல், அதுவும் காளியண்ணனுக்காக, தான் எழுந்து விழுந்ததை அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். இதை அவரால் செய்திருக்கவே முடியாது. அவரைப் பற்றி அவருக்குத் தெரியாதா? வருஷம் முழுக்க நாக்கு நுனியில் அவர் தேடிக்கொண்டிருந்த ஆண்டவர், வேறு எங்கோ எப்போதோ வந்து குடியேறி, சத்தமில்லாமல் வீட்டையே மாற்றி வைத்திருக்கிறார். ஆர்தருக்குச் சந்தோஷத்தில் தையல் போட்ட இடம் விண்விண்ணென்று தெறித்தது.

“அண்ணே, ஒரு பழம் உரிச்சுக் குடுங்க” என்றார். காளியண்ணன் உரித்துக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து அந்தச் சீப்பையே காலி செய்தார்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போதகர் வந்தபோது, கடைசிப் பெஞ்சியிலிருந்து ஆர்தர் எழுந்தார். முதுகுக் கட்டோடு மெல்ல நடந்து முன்னால் போய் முழங்கால் போட்டு, இரண்டு கைகளையும் நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டார். ஹியூபர்ட் அன்று பாட்டைத் தவறான சுருதியில் தொடங்கி, நடுவில் நிறுத்தி, மறுபடியும் தொடங்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆர்தர், “நல்லம்மா, எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருச்சு” என்றார்.

“எனக்கு அன்னிக்குக் கேட்லயே தெரிஞ்சிருச்சு” என்றாள் அவள். “ரத்தம் சொட்டச் சொட்ட அந்த மனுசனைக் கேட்டீங்களே, அப்பவே. உங்களுக்குத்தான் எல்லாம் லேட்டு.”

அடுத்த ஈஸ்டரில் நல்லம்மாளுக்கு ஞானஸ்நானம். பேர் மாற்ற மாட்டேன், இருக்கிற பேரே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டாள். மகளும் மருமகனும் ஈஜோக்கிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். காளியண்ணன் வெள்ளை வேட்டியில் வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பாட்டு முடிந்து, போதகர் ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. ஆர்தர் மனைவியை முன்னால் விட்டு, காளியண்ணன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு படியேறினார். ஏறும்போது சிமெண்டுப் படியில் கட்டை விரல் நங்கென்று இடித்தது.

“ஐயோ முனியாண்டி!”

பள்ளிக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போதகர் கையில் பிடித்திருந்த புத்தகத்தோடு அப்படியே நின்றார். ஹியூபர்ட் கண்ணை மூடிக்கொண்டார். போன வருஷமாக இருந்தால் ஆர்தர் அப்படியே திரும்பி ரப்பர் காட்டுக்குள் ஓடியிருப்பார். இன்றைக்கு அவர்தான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அவரைப் பார்த்து நல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் பெஞ்சி பெஞ்சியாக எல்லாரும் சிரித்தார்கள். என்ன நடக்கிறதென்று புரியாத போதகரும் சிரித்துவிட்டார்.

ஆர்தர் விரலைத் தேய்த்துக்கொண்டே நொண்டி நொண்டி நடந்து, காளியண்ணனோடு முதல் பெஞ்சியில் போய் உட்கார்ந்தார்.